‘தள்ளக் கூடாது’ என்று சொல்லிக்கொண்டே தள்ளும் குழந்தை

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகனுக்கு 3 வயது 8 மாதம். மழலையர் பள்ளி ஆசிரியை உங்களை அழைத்து, "சொன்னதைச் செய்வதில்லை, வரிசையில் நிற்பதில்லை, இவனுக்கு எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் குறைவாக இருக்கிறது, ஏதாவது பயிற்சி கொடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆங்கிலச் சொல்லின் பொருளுக்குப் பின்னால் வருகிறேன். வீட்டில் ஒரு வயதுத் தங்கையைத் தள்ளிவிடுகிறான். "பாப்பாவைத் தள்ளலாமா?" என்று கேட்டால் "தள்ளக் கூடாது" என்று தெளிவாகச் சொல்கிறான். சொன்ன வாய் மூடுவதற்குள் கை மறுபடி நீள்கிறது. இணையத்தில் மூன்று மாதப் பயிற்சி வகுப்பு ஒன்று இருக்கிறது, சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "தெரிந்தே செய்கிறான் என்பதுதான் எனக்கு வலிக்கிறது." நீங்கள் உண்மையில் கேட்டது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரிந்த ஒன்றை ஒரு குழந்தை ஏன் கடைப்பிடிப்பதில்லை? பிடிவாதமா, குறைபாடா, வயதா?

குழந்தைகளின் வளர்ச்சியை மதிப்பிடும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். இந்த வலியைப் பெற்றோர் சொல்லிக் கேட்காத வாரம் இல்லை. உங்கள் மகனை நான் பார்த்ததில்லை, அதனால் அவனைப் பற்றி எந்த முடிவும் சொல்ல மாட்டேன். அவன் நிற்கும் வயதைப் பற்றிச் சொல்ல முடியும். அந்த வயதில் ஒரு விதியை அறிவதும், அந்த விதி கையைப் பிடித்து நிறுத்துவதும் ஒன்றல்ல. இரண்டும் தனித்தனியாக, தனித்தனி வேகத்தில் வளர்கின்றன. இது பெற்றோரைத் தேற்றுவதற்காகச் சொல்லும் வார்த்தை இல்லை. திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்த விஷயம்.

பிலிப் செலாசோ என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களில் உருவாக்கிய சீட்டு விளையாட்டு ஒன்று இருக்கிறது. குழந்தையின் முன்னால் இரண்டு பெட்டிகள். ஒன்றில் நீல முயல் படம், மற்றதில் சிவப்புப் படகு படம் ஒட்டியிருக்கும். கையில் கொடுக்கும் சீட்டுகளிலோ சிவப்பு முயலும் நீலப் படகும் இருக்கும். "முதலில் நிற விளையாட்டு. நீலமெல்லாம் இங்கே, சிவப்பெல்லாம் அங்கே." 3 வயதுக் குழந்தை இதை அழகாகச் செய்யும். ஐந்தாறு சீட்டு போனதும், "இனி நிற விளையாட்டு வேண்டாம், உருவ விளையாட்டு. முயலெல்லாம் இங்கே, படகெல்லாம் அங்கே" என்கிறோம். பெரும்பாலான 3 வயதுக் குழந்தைகள் அதற்குப் பிறகும் நிறத்தைப் பார்த்தே போடுகிறார்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் முன்னால் புது விதியைச் சொன்னாலும் அப்படித்தான்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்து நடப்பது. தவறாகப் போட்ட குழந்தையிடம், "உருவ விளையாட்டில் முயல் எங்கே போகும்?" என்று கேளுங்கள். சரியான பெட்டியைக் காட்டும். "சரி, இந்த முயலைப் போடு" என்றால் தவறான பெட்டியில் போடும். சுட்டிக்காட்டிய விரலுக்கும் சீட்டைப் போட்ட கைக்கும் நடுவில் இரண்டு நொடிகூட ஆகியிருக்காது. அந்தக் குழந்தைக்கு உங்களை ஏமாற்றும் எண்ணம் இல்லை. பரிசோதிப்பவரைக் கோபப்படுத்த அதற்கு எந்தக் காரணமும் இல்லை. பாராட்டு வாங்கத்தான் ஆசை. அப்படி இருந்தும் கை பழைய வழியில் போகிறது. 5 வயதை நெருங்கும்போது பெரும்பாலானவர்கள் தடுமாறாமல் மாறிக்கொள்கிறார்கள். 4 வயதில் இரண்டுவிதக் குழந்தைகளும் இருப்பார்கள். உங்கள் மகன் "தள்ளக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தள்ளும்போது, இந்தச் சீட்டைப் போடும் கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்பதற்குத் தமிழில் நிலைத்த ஒரு சொல் இன்னும் வரவில்லை. நிர்வாகச் செயல்பாடு என்று எழுதுகிறார்கள். அதைக் கேட்டால் அலுவலகம்தான் நினைவுக்கு வருகிறது. பெற்றோரிடம் பேசும்போது நான் ‘தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் திறன்’ என்றுதான் சொல்வேன். வழக்கமாக இதை மூன்று இழைகளாகப் பிரிப்பார்கள். முந்திக்கொண்டு வரும் செயலை அடக்குவது ஒன்று. ஒரு விஷயத்தை மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்வது இன்னொன்று. நிலைமை மாறும்போது தானும் மாறிக்கொள்வது மூன்றாவது. அகிரா மியாகேயும் உடன் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் இளம் வயதினரிடம் ஆராய்ந்தபோது, இந்த மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை, ஆனால் தனித்தனியே பிரித்தறியக் கூடியவை என்று கண்டார்கள்.

சின்னக் குழந்தைகளிடம் அப்படிப் பிரியவில்லை. மழலைப் பருவத்தில் பல சோதனைகளின் மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்க்கும்போது, பெரும்பாலும் ஒரே திறனாகவே அவை திரள்கின்றன. கிளை பிரிவது பின்னால்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 3 வயதுக் குழந்தைக்கு "அடக்கும் திறன் 60, மாறும் திறன் 35, நினைவு 70" என்று வண்ணப் பட்டைகள் போட்ட அறிக்கையைப் பெற்றோர் என்னிடம் கொண்டுவருகிறார்கள். அந்த வயதில் அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துச் சொல்வதற்கு ஆதாரம் போதாது. அதே குழந்தையை அடுத்த வாரம், தூங்கி எழுந்த பிறகு சோதித்தால் எண்கள் வேறாக வரலாம். நீங்கள் விசாரித்த வகுப்பில் சேர்ந்தவுடன் இப்படி ஓர் அறிக்கை தருவார்கள் என்றால், அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

இந்தத் திறன் 3 வயதில் திடீரென்று முளைப்பதில்லை. 8 மாதக் குழந்தையின் கண் முன்னாலேயே ஒரு பொம்மையை இடப்பக்கத் துணிக்கு அடியில் ஒளித்து வையுங்கள், எடுத்துவிடும். சில முறை அப்படிச் செய்துவிட்டு, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கத் துணிக்கு அடியில் வையுங்கள். கை பழையபடி இடப்பக்கம் போகும். சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே முதலில் கவனித்த இந்தத் தவறை ஆய்வாளர் அடீல் டயமண்ட் 1980களில் நொடி நொடியாக அளந்தார். ஏழு எட்டு மாதத்தில், ஒளித்து வைத்த பின் இரண்டு நொடி தாமதித்தாலே குழந்தை தவறுகிறது. ஒரு வயதில் 10 நொடி அளவுக்குத் தாங்குகிறது. முன்நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி சிதைந்த குரங்குகளும் இதே தவறைச் செய்கின்றன. அந்தப் பகுதி முதிர்வதற்கு இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகிறது. ஆனால் வளர்ச்சியின் செங்குத்தான ஏற்றம் 3 வயதுக்கும் 5 வயதுக்கும் நடுவில்தான் இருக்கிறது. உங்கள் மகன் இப்போது அந்த ஏற்றத்தின் அடிவாரத்தில் நிற்கிறான்.

அடுத்து, நாம் வாயால் சொல்வதைப் பற்றி. ரஷ்ய நரம்பியல் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா சின்னக் குழந்தைகளின் கையில் ஒரு ரப்பர்ப் பந்தைக் கொடுத்து, விளக்கு எரிந்தால் அழுத்தச் சொல்வார். சின்னவர்களிடம் "அழுத்தாதே" என்று சொன்னால் சில சமயம் இன்னும் பலமாக அழுத்தினார்கள். சொல்லின் பொருளைவிட, சொல் வந்து விழும் அதிர்வே அவர்களை இயக்கியது என்று அவர் விளக்கினார். அந்த விளக்கத்தைப் பின்னர் சோதித்தவர்கள் எல்லோரும் ஏற்கவில்லை, அதனால் அதை முடிந்த முடிவாக நான் வைக்கவில்லை. ஆனால் கை ஏற்கெனவே நகரத் தொடங்கிய குழந்தையிடம் "தள்ளாதே!" என்று உரக்கக் கத்துவது அந்தக் கையை நிறுத்துவதில்லை என்பதை நான் தினமும் பார்க்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். "கையை என்னிடம் கொடு" என்பது வேலை செய்யும் இடத்தில் "தள்ளாதே" வேலை செய்வதில்லை. முதலாவது, கைக்கு ஒரு வேலை தருகிறது. இரண்டாவது, செய்ய வந்ததை நிறுத்தச் சொல்கிறது. அவனிடம் இன்னும் முழுதாக வளராத திறன் அதுதான்.

நிறுத்துவதற்குக் குழந்தைக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் நேரம். இதற்கு ஓர் அழகான சோதனை இருக்கிறது. நிலாப் படத்தைக் காட்டினால் ‘பகல்’ என்றும் சூரியன் படத்தைக் காட்டினால் ‘இரவு’ என்றும் சொல்ல வேண்டும். மூன்றரை, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு இது பெரும்பாடு. விதி புரியாமல் இல்லை. உண்மையான பெயர் நாக்கு நுனிக்கு முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. 2002இல் டயமண்டும் மற்றவர்களும் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். படத்தைக் காட்டியதும், யோசித்துச் சொல் என்ற பொருளில் பரிசோதிப்பவர் ஒரு குட்டிப் பாட்டுப் பாடுவார்; பாட்டு முடிந்த பிறகுதான் பதில் சொல்லலாம். 4 வயதுக் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. முந்திக்கொண்டு வந்த பதில் அடங்குவதற்கும், சரியான பதில் மேலே வருவதற்கும் சில நொடி இடம் கிடைத்தது, அவ்வளவுதான். இதைப் படித்த பிறகு, மதிப்பீட்டின்போது "சீக்கிரம் சொல்லு" என்ற சொல்லை என் அறையில் நான் யாரையும் சொல்ல விடுவதில்லை.

இன்னொரு விஷயத்தில் நானே பல ஆண்டுகள் தவறான அறிவுரை கொடுத்திருக்கிறேன். பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் உட்காரவைத்து, "இன்று என்ன செய்யப் போகிறாய்? வரிசையில் நிற்பாய், யாரையும் தள்ள மாட்டாய்" என்று ஒத்திகை பார்க்கச் சொல்வேன். பெற்றோர் உண்மையாக முயன்றார்கள். குழந்தையும் எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. பள்ளியில் எதுவும் மாறவில்லை. "காலையில் சத்தியம் செய்தான், மாலையில் மறந்துவிட்டான்" என்று அந்த அம்மாக்கள் கண் கலங்கியது என் நினைவில் இருக்கிறது. குற்றம் குழந்தையிடமும் இல்லை, அவர்களிடமும் இல்லை. என் ஆலோசனை அந்த வயதுக்குப் பொருந்தாதது. 2009இல் யூகோ முனகாட்டாவின் குழு கண்மணி விரிவதை அளந்து ஓர் ஆய்வு வெளியிட்டது. மனம் உழைக்கும்போது கண்மணி விரியும். திரையில் ஒரு படம் வந்து, சற்று இடைவெளி விட்டு அடுத்த படம் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து எந்தப் பொத்தானை அழுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். 8 வயதுக் குழந்தைகள் இடைவெளியிலேயே உழைத்து, வரப்போவதற்குத் தயாரானார்கள். மூன்றரை வயதுக் குழந்தைகளின் உழைப்போ இரண்டாவது படம் வந்த பிறகு தொடங்கியது. அப்போதுதான் முதல் படத்தைத் திரும்ப நினைவிலிருந்து எடுத்தார்கள். முன்கூட்டியே தயாராவது அந்த வயதின் வழி இல்லை. நேரும்போது தேடி எடுப்பதுதான் அதன் வழி.

அதனால் இப்போது பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: விதியைக் காலையில் சொல்லாதீர்கள், அந்த இடத்தில் சொல்லுங்கள். தங்கை தவழ்ந்து அவன் கட்டிய கட்டைகளை நோக்கி வருகிறாள் என்றால், அந்த நொடியில் நீங்கள் அவன் பக்கத்தில் இருப்பது காலையில் சொன்ன பத்து அறிவுரைகளைவிட அதிகம் உதவும். "பாப்பா வருகிறாள். கட்டையை மேசைக்கு மேலே வைப்போம்." இவ்வளவு போதும். ஒரே நேரத்தில் ஒரே காரியம் சொல்லுங்கள். "பையை வைத்துவிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்" என்பது நமக்கு ஒரு வாக்கியம். அவனுக்கு மூன்று சுமை. முதலாவதைச் செய்து முடிப்பதற்குள் மற்ற இரண்டும் கீழே விழுந்துவிடும். நடுவில் அவன் தனக்குத் தானே முணுமுணுத்தால் அடக்காதீர்கள். "மெதுவா... மெதுவா..." என்று சொல்லிக்கொண்டே தண்ணீர்க் குவளையைத் தூக்கிவரும் குழந்தை, தன் குரலாலேயே தன்னைப் பிடித்துக்கொள்கிறது. வெளியே கேட்கும் இந்தப் பேச்சுதான் பின்னால் உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்று சோவியத் உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி எழுதினார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் எனக்கு அதில் மாறுபாடு இல்லை.

காத்திருப்பதைப் பற்றிய புகழ்பெற்ற சோதனையை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஓர் இனிப்பை முன்னால் வைத்து, "நான் வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் தொடங்கியது இது. காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பில் முன்னேறினார்கள் என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவி, வரவேற்பறையில் இனிப்பை வைத்துக் குழந்தையின் எதிர்காலத்தைக் கணிக்கும் அளவுக்குப் போய்விட்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2018இல் டைலர் வாட்ஸும் இன்னும் இருவரும் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை வைத்து மறுபடி பார்த்தார்கள். தொடர்பு முன்பு சொன்னதில் சுமார் பாதிதான் இருந்தது. குடும்பப் பின்னணியையும், வீட்டுச் சூழலையும், குழந்தையின் ஆரம்பகால அறிவுத் திறனையும் கணக்கில் எடுத்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது.

எனக்கு அதைவிட மனத்தில் தைத்தது 2013இல் செலஸ்ட் கிட்டும் உடன் ஆய்வாளர்களும் செய்த சிறிய சோதனை. 28 குழந்தைகள்தான். இனிப்பு வைப்பதற்கு முன், படம் வரைய நல்ல பொருட்கள் கொண்டுவருவதாக ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்து தந்தார். மீதிப் பேரிடம், மன்னிக்கவும், இல்லை என்று வெறுங்கையோடு வந்தார். பிறகு இனிப்புச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். 15 நிமிடமும் முழுதாகக் காத்தவர்கள் முதல் குழுவில் 14 பேரில் 9 பேர், இரண்டாவது குழுவில் 14 பேரில் ஒருவர் மட்டும். ஆய்வு சின்னது, ஒரே ஒரு ஆய்வை வைத்துப் பெரிய கொள்கை எதையும் கட்டக் கூடாது. ஆனால் நாம் பொறுமை என்று எண்ணி அளப்பதில் பாதி, எதிரில் இருக்கும் பெரியவர் மீதான நம்பிக்கையாக இருக்கலாம் என்பதை அது காட்டிவிட்டது. "ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் கழித்து வரும் வீட்டில், கையில் கிடைத்ததை உடனே எடுத்துக்கொள்ளும் குழந்தை புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொள்கிறது.

பழக்கமும் உண்டு. 2022இல் வெளியான ஒப்பீட்டில், ஜப்பானியக் குழந்தைகள் சாப்பாட்டுக்கு நீண்ட நேரம் காத்திருந்தார்கள், அமெரிக்கக் குழந்தைகள் பரிசுப் பொட்டலத்துக்கு நீண்ட நேரம் காத்திருந்தார்கள். எல்லோரும் வரும்வரை சாப்பிடாமல் இருப்பது முதல் கூட்டத்துக்குப் பழக்கம். குறித்த நாள் வரும்வரை பரிசைப் பிரிக்காமல் இருப்பது இரண்டாவது கூட்டத்துக்குப் பழக்கம். உங்கள் மகன் எதற்காவது நன்றாகக் காத்திருக்கிறானா என்று யோசித்துப் பாருங்கள். எல்லாப் பெற்றோருக்கும் ஒன்றிரண்டு நினைவுக்கு வரும். அங்கே என்ன உதவுகிறது என்று பார்த்தால், வரிசையில் நிற்க என்ன உதவும் என்பதற்குத் துப்புக் கிடைக்கும்.

நீங்கள் அனுப்பிய செய்தித் துணுக்கில் நியூசிலாந்து ஆய்வு ஒன்று இருந்தது. அது உண்மையான, மதிப்புமிக்க ஆய்வு. டுனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1037 பேரை இன்றுவரை தொடர்கிறார்கள். டெர்ரி மோஃபிட்டும் மற்றவர்களும் 2011இல் வெளியிட்ட கட்டுரை, சிறுவயதில் தன்னடக்கம் குறைவாக இருந்தவர்களுக்கு 32 வயதில் உடல்நலம், பணநிலை, சட்டச் சிக்கல் மூன்றிலும் சராசரியாக நிலைமை மோசமாக இருந்தது என்று காட்டியது. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட தன்னடக்க அளவீடு 3 வயது முதல் 11 வயது வரை பெற்றோர், ஆசிரியர், பார்வையாளர், குழந்தை எனப் பலரும் பல முறை சொன்னதைத் திரட்டியது. 3 வயது 8 மாதத்தில் ஓர் ஆசிரியை சொன்ன ஒரு வாக்கியத்துக்கு அந்த எடை கிடையாது. ஆயிரம் பேரின் சராசரி, ஒரு குழந்தையின் ஜாதகமும் இல்லை.

இனி வகுப்பு. நீங்கள் விவரித்தபடி அது திரையில் ஆடும் நினைவு விளையாட்டுகள், புதிர்கள். இதில் உறுதியாகத் தெரிந்தது: எதைப் பயிற்சி செய்கிறார்களோ அதில் குழந்தைகள் தேறுகிறார்கள். அதற்கு மிக நெருக்கமான சோதனைகளிலும் கொஞ்சம் தேறலாம். அந்தத் தேர்ச்சி வரிசையில் நிற்பதற்கோ தங்கையைத் தள்ளாமல் இருப்பதற்கோ போய்ச் சேர்வதற்கு நம்பத்தக்க ஆதாரம் மிகக் குறைவு. பெரியவர்களிடம்கூட நினைவாற்றல் பயிற்சி அந்தப் பயிற்சியைத் தாண்டிப் பரவுவதில்லை என்றே தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. மூன்றே முக்கால் வயதுக் குழந்தையைத் திரை முன் உட்காரவைத்து அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நான் சேர்க்க மாட்டேன்.

முழு வகுப்பறையையும் இதற்காகவே மாற்றியமைக்கும் பாடத்திட்டங்கள் வேறு வகை. விகோட்ஸ்கியின் கருத்துகளை ஒட்டி அமைத்த அமெரிக்கப் பாடத்திட்டம் ஒன்று நல்ல பலன் தந்ததாக 2007இல் டயமண்டின் குழு வெளியிட்டபோது நாங்கள் எல்லோரும் மிகவும் உற்சாகப்பட்டோம். பின்னால் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் அந்தப் பலன் தெரியவில்லை. இன்னொன்றில் மிதமாகத் தெரிந்தது. எனவே ‘இது வேலை செய்யும்’ என்று பொதுவாகச் சொல்ல முடியாத நிலைதான். இரண்டு மொழி பேசும் குழந்தைகளுக்கு இந்தத் திறன் கூடுதலாக இருக்கும் என்ற செய்தியும் அப்படியே. முதலில் உறுதியாகச் சொன்னார்கள், பிறகு பெரிய ஆய்வுகளில் அது தேய்ந்துவிட்டது. மொழிகளை அவற்றுக்காகவே கற்றுக்கொடுங்கள்.

விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சோவியத் ரஷ்யாவில் 1940களில் குழந்தைகளிடம் அசையாமல் நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். சும்மா நில் என்றால் கொஞ்ச நேரம்தான் நின்றார்கள். ‘நீ காவல்காரன், இது உன் காவல் இடம்’ என்று விளையாட்டில் சேர்த்ததும் வெகுநேரம் நின்றார்கள். 2017இல் அமெரிக்காவில் 4 வயது, 6 வயதுக் குழந்தைகள் 180 பேருக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்றை 10 நிமிடம் கொடுத்து, பக்கத்திலேயே விளையாட்டுக் கருவியையும் வைத்தார்கள். ‘நான் நன்றாக உழைக்கிறேனா?’ என்று கேட்டுக்கொண்டவர்களைவிட, பேட்மேன் போல உடுத்திக்கொண்டு ‘பேட்மேன் நன்றாக உழைக்கிறாரா?’ என்று கேட்டுக்கொண்டவர்கள் அதிக நேரம் வேலையில் நின்றார்கள். வேடம் அந்த நேரத்துக்கு உதவுகிறது என்பது எனக்குச் சந்தேகமில்லை. நடிப்பு விளையாட்டை அதிகம் ஆடினால் இந்தத் திறன் நிரந்தரமாக வளரும் என்பது மட்டும் இன்னும் நிறுவப்படவில்லை. அப்படி நிறுவப்படும்வரை காத்திருந்து விளையாட வேண்டியதில்லை. வரிசையில் நிற்க வேண்டும் என்றால் ‘நீ ரயிலின் கடைசிப் பெட்டி, முன் பெட்டியோடு ஒட்டி வா’ என்று சொல்லிப் பார்க்கும்படி ஆசிரியையைக் கேளுங்கள். இசை நின்றதும் சிலையாக நிற்கும் விளையாட்டை வீட்டில் ஐந்து நிமிடம் ஆடுங்கள். அவனையும் இசையை நிறுத்த விடுங்கள்.

வீட்டில் இன்னொன்று. கனடாவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 15 மாதக் குழந்தைக்குப் புதிர் ஒன்றில் தாய் எப்படி உதவுகிறார் என்று கவனித்தார்கள். தானே செய்து முடித்துவிடாமல், கைவிட்டும் விடாமல், குழந்தையின் போக்கிலேயே நின்று தேவையான அளவு மட்டும் உதவிய தாய்மாரின் குழந்தைகள் பின்னர் இந்தத் திறனில் முன்னால் இருந்தார்கள். இது தொடர்புதான், காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, பரம்பரையும் கலந்திருக்கும். இருந்தாலும் சட்டைப் பொத்தானைப் போடும்போது முதல் பொத்தானை மட்டும் நீங்கள் போட்டு மீதியை அவனிடம் விடுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. காலையில் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். தூக்கத்தையும் பாருங்கள். முந்தின இரவு சரியாகத் தூங்காத குழந்தையின் நடத்தையை வைத்து நான் எந்த முடிவும் எழுதுவதில்லை.

ஆசிரியை சொன்னதை ஒதுக்கித் தள்ளவும் வேண்டாம். அவர் ஒரே நேரத்தில் பல குழந்தைகளைப் பார்க்கிறார். அவர் கண்ணுக்குப் பட்டது உங்கள் கண்ணுக்குப் படாமல் போகலாம். ஆனால் ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: வகுப்பில் வயதில் சின்னவன் இவனா? இந்த வயதில் பத்து மாத இடைவெளி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அமெரிக்காவில் செப்டம்பர் 1ஆம் தேதியை எல்லையாக வைத்துப் பள்ளியில் சேர்க்கும் மாநிலங்களில், வகுப்பிலேயே சின்னவர்களான ஆகஸ்டுக் குழந்தைகளில் 10,000 பேருக்கு 85 பேரும், மூத்தவர்களான செப்டம்பர்க் குழந்தைகளில் 64 பேரும் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த கோளாறு) என்று கண்டறியப்பட்டிருந்தார்கள். 2018இல் வந்த கணக்கு இது. பிறந்த மாதம் மூளையைக் கெடுத்திருக்காது. சின்னக் குழந்தையைப் பெரிய குழந்தையின் அருகில் வைத்து அளந்ததுதான் வேறுபாடு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாதெமியின் வழிகாட்டுதலும் ஏ.டி.எச்.டி. மதிப்பீட்டை 4 வயது முதல்தான் தொடங்கச் சொல்கிறது. 4, 5 வயதில் முதல் சிகிச்சையாக அது சொல்வது பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியை, மருந்தை இல்லை.

சில அடையாளங்கள் இருந்தால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்பாதது, பேசிக்கொண்டிருந்த சொற்கள் குறைந்துகொண்டே போவது, மற்ற குழந்தைகளோடு சேர்ந்து விளையாடவே வராதது, தனக்கோ மற்றவருக்கோ அடிக்கடி காயம் ஏற்படும் அளவுக்கு ஆவேசம், ஆறு மாதம் போயும் வீட்டிலும் பள்ளியிலும் ஒரு சிறு முன்னேற்றம்கூடத் தெரியாதது. நீங்கள் எழுதியதில் இவை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் உறுத்துகிறது. "பக்கத்தில் போய்ச் சொன்னால் செய்கிறான், வகுப்பில் சத்தம் அதிகமாக இருந்தால் காதிலேயே வாங்குவதில்லை" என்று ஆசிரியை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். போன மாதம் இரண்டு முறை சளி பிடித்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில் நடுக்காதில் நீர் தேங்குவது மிகச் சாதாரணம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, குழந்தைக்குச் சொல்லவும் தெரியாது. அமைதியான அறையில் நன்றாகக் கேட்கும், இரைச்சலில் பாதிச் சொற்கள் நழுவிவிடும். அதனால் இந்த வாரமே காது மருத்துவரிடம் அழைத்துப் போய் நடுக்காதையும் கேட்கும் திறனையும் பரிசோதித்துவிடுங்கள். முடிவு வந்ததும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஆசிரியையிடம் என்ன பேசலாம் என்று யோசிப்போம். வகுப்புக்குப் பணம் கட்டுவதை அதுவரை தள்ளி வையுங்கள்.